தாயையும் சேயையும் காத்த டாக்டர் அம்மா
லூசி வில்ஸ் வாழ்க்கை வரலாறு

சென்னை ராயபுரத்தில் ராஜா சர் ராமசாமி முதலியார் பெயரில் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி என்றால் வடசென்னையில் தெரியாதவர் கிடையாது. காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று பல பக்கங்களிலிருந்தும் கர்ப்பிணிப் பெண்கள் அங்கே வருகிறார்கள். துறைமுகத் தொழிலாளியின் மனைவி வருகிறார். மீன் விற்கும் பெண் வருகிறார். தொழிற்சாலையில் வேலை பார்ப்பவரின் மகள் வருகிறார்.

வயிற்றில் பிள்ளையோடு வரும் பெண்களுக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் மாத்திரை கொடுக்கிறார்கள். இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை அது. விலை கிடையாது. இலவசம்.

சிலர் அதை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள். சிலர் அலமாரியில் ஒரு மூலையில் போட்டுவிடுகிறார்கள். வயிற்றைப் புரட்டுகிறது என்பது ஒரு காரணம். சத்து மாத்திரை சாப்பிட்டால் குழந்தை பெருத்துவிடும், பிரசவம் கஷ்டமாகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வதைக் கேட்டுப் பயப்படுவது இன்னொரு காரணம்.

அந்தச் சின்ன மாத்திரைக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. கடல் கடந்து வந்த ஒரு பெண் டாக்டர், பம்பாயிலும் குன்னூரிலும் சென்னையிலும் பாடுபட்ட கதை அது.

அவர் பெயர் லூசி வில்ஸ்.

பட்டம் தர மறுத்த கல்லூரி

லூசி 1888-ம் ஆண்டு மே மாதம் 10-ந் தேதி இங்கிலாந்தில், பர்மிங்காம் நகருக்கு அருகே பிறந்தார். அரிவாள் முதலிய கருவிகள் செய்யும் தொழில் நடத்திய குடும்பம். வசதிக்குக் குறைவில்லை. தாயின் தகப்பனார் பர்மிங்காமில் பெயர் பெற்ற டாக்டர்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில்கூடப் பெண்களுக்கு உயர்ந்த படிப்பு எளிதாகக் கிடைக்கவில்லை. லூசியின் பெற்றோர் மகளைப் படிக்க வைத்தார்கள். 1907-ல் அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்தார். செடி கொடிகளைப் பற்றிய தாவர சாஸ்திரமும், மண்ணையும் பாறைகளையும் பற்றிய பூகர்ப்ப சாஸ்திரமும் படித்தார். 1911-ல் தேர்வு எழுதித் தேறினார்.

ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. பெண்கள் படிக்கலாம், பரீட்சை எழுதலாம், பட்டம் மட்டும் வாங்கக் கூடாது என்பது அன்றைய கேம்பிரிட்ஜ் சட்டம்!

அதே ஆண்டில் தந்தை இறந்தார். இரண்டு ஆண்டுகளில் அக்காளும் இறந்தார். துக்கத்தில் இருந்த தாயை அழைத்துக்கொண்டு 1913-ல் லூசி இலங்கைக்கு வந்தார். அங்கே அவர்களுக்கு உறவினர்கள் இருந்தார்கள். நம் பக்கத்துச் சீமையை அவர் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான்.

அடுத்த ஆண்டு தென் ஆப்பிரிக்காவுக்குப் போனார். அங்கே இருக்கும்போது முதல் உலக யுத்தம் மூண்டது. கேப் டவுன் நகரத்து ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்காமல் சில வாரங்கள் நர்சு வேலை பார்த்தார். அந்த அனுபவத்துக்குப் பிறகு அவருடைய வழி மாறியது. ஊர் திரும்பியதும், 1915 ஜனவரியில், லண்டனில் பெண்களுக்கென்றே நடந்த வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியோடு இணைந்த கல்லூரி அது.

1920-ல் டாக்டரானார். அப்போது அவருக்கு வயது 32.

ஊசி போட்டு, மருந்து எழுதிக் கொடுத்துப் பணம் சம்பாதிக்க அவர் விரும்பவில்லை. நோய் ஏன் வருகிறது என்று கண்டுபிடிப்பதிலேயே அவருக்கு ஆசை. ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தார். கர்ப்பிணிகளின் உடலில் ஏற்படும் மாறுதல்களைப் பற்றி ஆராய்ந்தார்.

பம்பாயில் ஒரு புதிர்

அந்தச் சமயத்தில் இந்தியாவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது.

இந்தியாவில் கர்ப்பிணிகள் ஏராளமாக இறந்துகொண்டிருந்தார்கள். அதற்குக் காரணம் என்ன என்று விசாரிக்க ஏற்பாடு நடந்தது. அதில் முன்னின்றவர் மார்கரெட் பால்ஃபர் என்ற பெண் டாக்டர். ரத்தசோகையைப் பற்றி ஆராய லூசியை அவர் கூப்பிட்டார்.

1928-ல் லூசி கப்பலேறிப் பம்பாய் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 40. ஹாஃப்கின் ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள்.

பம்பாய் அன்று பஞ்சாலை நகரம். ஆலைகளில் வேலை செய்யும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். நெருக்கமான குடியிருப்பு. குறைந்த கூலி. அரை வயிற்றுச் சாப்பாடு.

அந்தப் பெண்கள் கர்ப்பமானதும் பலருக்கு ஒரு விதமான ரத்தசோகை வந்தது. முகம் வெளுத்தது. நாக்குப் புண்ணானது. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. பலர் இறந்தார்கள். தாய் இறந்தால் வயிற்றுப் பிள்ளையும் போயிற்று.

இரும்புச் சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையை டாக்டர்கள் அறிவார்கள். அதில் ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் சிறுத்திருக்கும். ஆனால் இந்தப் பெண்களின் ரத்தத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தன. எண்ணிக்கையோ மிகக் குறைவு.

இது என்ன நோய்? கிருமியால் வருகிறதா? உணவால் வருகிறதா?

லூசி யார் யாருக்கு இந்த நோய் வருகிறது என்று கணக்கெடுத்தார். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். வீட்டை விட்டு வெளியே வராத ஏழை முஸ்லிம் பெண்களிடம் இந்த நோய் அதிகம் இருப்பதைக் கண்டார். அவர்கள் சாப்பாட்டில் கீரை, காய், பழம் எல்லாம் மிகவும் குறைவு. காரணம் சாப்பாட்டில்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

தோன்றினால் போதாது. நிரூபிக்க வேண்டும்.

எலிகளும் குரங்குகளும்

லூசி வெள்ளெலிகளை வளர்த்தார். ஏழைப் பெண்கள் சாப்பிடும் அதே வகைச் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்தார். சினையான எலிகளுக்கு ரத்தசோகை வந்தது. குட்டி போடும் முன்பே செத்தன. அதே சாப்பாட்டோடு ஈஸ்ட் என்ற பொருளைச் சேர்த்துக் கொடுத்தார். எலிகள் பிழைத்துக்கொண்டன.

ஈஸ்ட் என்பது ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்.

விடை கிடைத்துவிட்டது போலத் தோன்றியது. ஆனால் ஒரு சிக்கல். எலிகளின் உடலில் பேன் இருந்தது. பேனால் பரவும் கிருமியாலும் எலிகளுக்கு ரத்தசோகை வரலாம் என்று தெரிந்தது. அப்படியானால் நோய்க்குக் காரணம் சாப்பாடா, பேனா?

லூசி மனம் தளரவில்லை. பிறகு குரங்குகளை வைத்து மறுபடியும் முதலிலிருந்து ஆராய்ந்தார். குறைந்த சத்துள்ள சாப்பாடு தின்ற குரங்குகளுக்கும், கர்ப்பிணிப் பெண்களுக்கு வந்தது போலவே பெரிய அணுக்களோடு ரத்தசோகை வந்தது. சந்தேகம் தீர்ந்தது. குற்றவாளி சாப்பாடுதான்.

குன்னூரும் சென்னையும்

இந்த ஆராய்ச்சியில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு.

1929-ல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை லூசி குன்னூரில் இருந்தார். அங்கே பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மக்காரிசன் என்ற டாக்டர், உணவைப் பற்றிய ஆராய்ச்சி நடத்திவந்தார். 1918-ல் ஒரே ஓர் அறையில் அவர் தொடங்கிய வேலை அது. அந்த அறைதான் பிற்காலத்தில் பெரிய ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. 1958-ல் ஐதராபாத்துக்கு மாறியது. இன்று தேசிய ஊட்டச்சத்து நிலையம் என்று பெயர்.

1931-ம் ஆண்டின் தொடக்கத்தில் லூசி சென்னைக்கு வந்தார். சேப்பாக்கம் கடற்கரைக்கு அருகில் உள்ள கோஷா ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். இன்று அதற்குக் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்று பெயர். பழைய ஆட்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள்.

ஆண் டாக்டர்களிடம் வர முடியாத பெண்களுக்காக 1885-ல் மேரி ஷார்லீப் அம்மையார் முயற்சியால் ஏற்பட்ட ஆஸ்பத்திரி அது. மேரி அம்மையார் சென்னை வைத்தியக் கல்லூரியில் பயின்றவர். பிறகு லண்டனில், லூசி படித்த அதே பெண்கள் கல்லூரியில் படித்தவர். ஒரே கல்லூரியில் படித்த இரண்டு பெண்கள், பல ஆண்டு இடைவெளியில், சென்னைத் தாய்மார்களுக்காக ஒரே ஆஸ்பத்திரியில் பாடுபட்டிருக்கிறார்கள்.

ஏழைக்கு ஏற்ற மருந்து

ஈரலிலிருந்து எடுத்த சத்து இந்த ரத்தசோகையைக் குணப்படுத்தும் என்பதை லூசி கண்டார். ஆனால் அது விலை அதிகம். ஆலைத் தொழிலாளியின் மனைவி அதை எப்படி வாங்குவார்?

மலிவான பொருளைத் தேடினார் லூசி. மார்மைட் என்ற பண்டம் கண்ணில் பட்டது. பீர் காய்ச்சும் ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து அதைத் தயாரிக்கிறார்கள். கறுப்பாக, பாகு போல் இருக்கும். ருசி உப்பு. இங்கிலாந்தில் ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள். விலை குறைவு.

நோய் முற்றிய கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுத்தார். சில நாட்களிலேயே பசி எடுத்தது. புதிய ரத்த அணுக்கள் ஊறின. வெளுத்த முகத்தில் ரத்தம் ஓடியது. எழுந்திருக்க முடியாமல் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

1931 ஜூன் மாதம் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் இந்தச் செய்தியை லூசி வெளியிட்டார். உலகத்து டாக்டர்கள் வியந்தார்கள்.

ஈஸ்டில் நோயைத் தீர்க்கும் பொருள் ஒன்று இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. அது என்ன பொருள் என்பது மட்டும் தெரியவில்லை. ஆகவே அதற்கு வில்ஸ் பொருள் என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

திருவல்லிக்கேணி மாணவர்

1941-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் நான்கு டன் பசலைக்கீரையை அரைத்து, வடிகட்டி, அதிலிருந்து ஒரு பொருளைச் சிறிதளவு பிரித்தார்கள். லத்தீன் மொழியில் இலைக்கு ஃபோலியம் என்று பெயர். இலையிலிருந்து வந்ததால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். லூசி ஈஸ்டில் கண்டதும் இந்த வகைச் சத்துதான் என்பது பிறகு விளங்கியது.

ஆனால் டன் கணக்கில் கீரையை அரைத்து மருந்து செய்தால் கட்டுமா? தொழிற்சாலையில் செய்ய வழி வேண்டும்.

அந்த வழியைக் கண்டவர்களுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்தவர். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் கோஷா ஆஸ்பத்திரிக்கும் நடந்துபோகும் தூரம்தான்.

சுப்பாராவ் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேறியவர். சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்தார். அவருடைய சகோதரர் இருவர் ஸ்புரூ என்ற கடுமையான வயிற்று நோயால் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். அந்தத் துயரம் அவர் மனத்தைவிட்டு நீங்கவில்லை. அமெரிக்கா சென்று ஆராய்ச்சியில் இறங்கினார்.

1945-ல் லெடர்லி நிறுவனத்தில் அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்து காட்டினார்கள். சகோதரர்களைக் கொன்ற ஸ்புரூ நோய்க்கும் அது மருந்தாயிற்று. 1948-ல் சுப்பாராவ் காலமானார்.

லூசியும் சுப்பாராவும் செய்த வேலை, ஒருவர் ஊன்றிய விதையை மற்றவர் மரமாக்கியது போன்றது.

குண்டு மழையில்

1933-ல் லூசி லண்டனுக்கே திரும்பி, பழைய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். இந்தியாவை மறக்கவில்லை. 1937-ல் கடல் விமானத்தில் ஏறி மறுபடியும் பம்பாய் ஆராய்ச்சிக்கு வந்தார்.

இரண்டாவது உலக யுத்தத்தில் லண்டன் மீது குண்டு மழை பொழிந்தது. 1944 ஜூலையில் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியின் மீதும் குண்டு விழுந்தது. உயிர்ச்சேதம் ஏற்பட்டது.

யுத்த காலத்தில் இங்கிலாந்தில் ரேஷன் முறை. லூசி அதையும் ஆராய்ச்சியாக மாற்றிக்கொண்டார். ரேஷன் சாப்பாடு சாப்பிடும் கர்ப்பிணிகளின் ரத்தம் எப்படி இருக்கிறது, இரும்புச் சத்து மருந்து கொடுத்தால் என்ன ஆகிறது என்று அளந்தார். 1947-ல் அந்த முடிவுகள் வெளிவந்தன. அதே ஆண்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்றார்.

லூசி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆடம்பரம் அவருக்குப் பிடிக்காது. பெரிய டாக்டர்கள் காரில் வந்து இறங்கும் ஆஸ்பத்திரிக்கு அவர் சைக்கிளில் வருவார். மலை ஏறுவதில் பிரியம். பனிச்சறுக்கு விளையாட்டில் பிரியம். ஓய்வு பெற்ற பிறகும் ஜமைக்கா, ஃபிஜி, தென் ஆப்பிரிக்கா என்று போய், சாப்பாட்டுக்கும் உடல்நலத்துக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய்ந்தார். லண்டனில் செல்சீ நகரசபைக்கு, தொழிற்கட்சியின் சார்பில், பத்து ஆண்டுகள் உறுப்பினராகவும் இருந்தார்.

குழந்தையின் எடை

லூசி காட்டிய சத்து ரத்தத்துக்கு மட்டுமா நல்லது? வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் நல்லது.

ஒரே ஓர் அணுவாகத் தொடங்கும் கரு, பத்து மாதத்தில் சுமார் மூன்று கிலோ குழந்தையாகிறது. ஓர் அணு இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருக வேண்டும். அப்படிப் பெருக ஃபோலிக் அமிலம் தேவை. புதிய ரத்தம் ஊறவும் அது தேவை. தாயின் உடலில் அது இல்லாவிட்டால், குழந்தை எங்கே போய் எடுத்துக்கொள்ளும்?

பிறக்கும்போது இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தையை எடை குறைந்த குழந்தை என்கிறார்கள். அப்படிப்பட்ட குழந்தைக்கு நோய் சீக்கிரம் ஒட்டும். பால் குடிக்கத் தெம்பு இருக்காது. பிழைப்பதே பாடாகிவிடும்.

குன்னூரில் பிறந்து ஐதராபாத்தில் வளர்ந்த அதே நிலையத்தில், லீலா ஐயங்கார் என்ற பெண் விஞ்ஞானியும் கே. ராஜலட்சுமியும் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். கர்ப்பிணிகளில் சிலருக்கு இரும்புச் சத்து மட்டும் கொடுத்தார்கள். சிலருக்கு இரும்போடு ஃபோலிக் அமிலமும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டும் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகள் கூடுதல் எடையோடு பிறந்தன. 1975-ல் இது வெளியாயிற்று.

1991-ல் இங்கிலாந்திலிருந்து இன்னொரு செய்தி வந்தது. முதுகுத் தண்டும் மூளையும் சரியாக மூடாமல் சில குழந்தைகள் பிறப்பது உண்டு. ஒரு முறை அப்படிப் பெற்ற தாய், அடுத்த முறை கர்ப்பமாவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டால், அந்த ஆபத்து நூற்றுக்கு 72 பங்கு குறைகிறது என்று ஏழு நாடுகளில் நடந்த சோதனை காட்டியது. முதுகுத் தண்டு மூடுவது கரு உண்டாகி 28 நாட்களுக்குள். அப்போது பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே தெரியாது. ஆகவே, குழந்தை வேண்டும் என்று எண்ணும்போதே டாக்டரைப் பார்ப்பது நல்லது.

மாத்திரை மட்டும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. சாப்பாடும் வேண்டும். ஆப்பிரிக்காவில் காம்பியா என்ற ஏழை நாட்டில், கர்ப்பிணிகளுக்குத் தினமும் வேர்க்கடலை பிஸ்கட் கொடுத்தார்கள். பஞ்ச மாதங்களில் பிறந்த குழந்தைகளின் எடை சராசரி 201 கிராம் கூடியது. எடை குறைந்து பிறப்பதும் குறைந்தது. 1997-ல் வெளியான கணக்கு இது.

தாய்மார்கள் கவனிக்க

2019–21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நூறு கர்ப்பிணிகளில் 52 பேருக்கு ரத்தசோகை இருந்தது. லூசி பம்பாயில் இறங்கி ஏறக்குறைய 90 ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த நிலை! மருந்து கண்டுபிடித்தாகிவிட்டது. இலவசமாகக் கொடுத்தும் ஆகிறது. வாயில் போடுவதுதான் பாக்கி.

முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமில மாத்திரை. நான்காம் மாதத்திலிருந்து இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை, தினம் ஒன்று, 180 நாட்கள். பிள்ளை பிறந்த பிறகு இன்னும் 180 நாட்கள். இது அரசு வகுத்துள்ள முறை. ரத்தம் மிகவும் குறைந்திருந்தால் டாக்டர் அளவை மாற்றுவார். நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். பயப்பட வேண்டாம். வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு, இரவில் போட்டுக்கொள்ளலாம். டீ, காபியோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. அவை இரும்புச் சத்தை உடலில் சேரவிடாது. நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா போன்றவை சேர உதவும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை வேறு வேளையில் சாப்பிட வேண்டும்.

கீரை, பச்சைப் பயறு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை, முட்டை எல்லாவற்றிலும் லூசி தேடிய சத்து இருக்கிறது. கீரையை நெடுநேரம் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் சத்து தண்ணீரோடு போய்விடும். அங்கன்வாடியில் கொடுக்கும் சத்து மாவும் கர்ப்பிணிக்காகத்தான். அதை வீட்டில் மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாகாது.

குழந்தை பெருத்துவிடும் என்ற பயம் வேண்டாம். சத்து மாத்திரை குழந்தையை அளவுக்கு மீறிப் பெருக்க வைக்காது. குழந்தை சிறுத்துப் பிறப்பதுதான் நாம் பயப்பட வேண்டிய ஆபத்து. மாமியார்மாரும் கணவன்மாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடும் வழக்கத்தை, கர்ப்பிணி விஷயத்திலாவது விட்டுவிட வேண்டும்.

பெயர் தெரியாத உபகாரி

1964-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி லூசி வில்ஸ் காலமானார். அவருக்கு வயது 75.

அவருக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. சென்னையில் அவர் பெயரைக் கேட்டால் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூடத் தெரியாது. 1970-ல் இந்திய அரசு, கர்ப்பிணிகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்த்து மாத்திரை கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதைப் பார்க்க லூசி உயிரோடு இல்லை.

விலை கொடுக்க முடியாத ஆலைத் தொழிலாளியின் மனைவிக்காகத்தான் அவர் மலிவான மருந்தைத் தேடினார். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஒரு தாய் தினமும் ஒரு மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டு, நல்ல எடையுள்ள குழந்தையைப் பெற்றெடுத்தால், அவர் தேடியது வீண்போகவில்லை.